பெல்ஜியம் பீரில் ஏதாவது கணக்கு இருக்கிறதா, இல்லை குருட்டாம்போக்கில் குடித்துப் பார்ப்பதுதானா?

திண்டுக்கல்காரன்:

வணக்கம் மக்களே. வேலை விஷயமாக பெல்ஜியத்தில் லூவன் நகரத்துக்கு வந்திருக்கிறேன், இன்னும் ஒரு வருஷமாவது இங்கேதான் வாசம். ஊரில் இருந்தவரை பீர் என்றால் கூலிங்காக இருக்கிறதா, ஸ்ட்ராங்கா லைட்டா, கேள்வி அவ்வளவுதான். இங்கே பாரில் உட்கார்ந்தால் மெனு என்று ஒரு புத்தகத்தையே தூக்கிக் கொடுக்கிறார்கள். பாதிப் பெயர்கள் வாயில் நுழையவில்லை, பரிமாறுபவரிடம் விரலை வைத்துக் காட்டித்தான் கேட்கிறேன்.

இதுவரை குடித்ததில் லெஃப் பிளாண்ட் இனிப்பாக, சுலபமாக இறங்கியது. வெஸ்ட்மாலெ ட்ரிப்பல் ரொம்பவே பிடித்தது. 9.5 சதவீதம் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறது, ஆனால் நாக்குக்கு அது தெரிவதே இல்லையே, எப்படி? அப்புறம் ஒரு கடையில் கூஸ் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். ஐயோ சாமி. புளிப்பென்றால் பல்லைக் கூசவைக்கும் புளிப்பு, கூடவே மாட்டுத்தொழுவம் பக்கம் போனால் வருமே, அது மாதிரி ஒரு வாடை. பாதிக்கு மேல் முடியவில்லை. பக்கத்து மேசையில் ஒரு தாத்தா அதையே கண்ணை மூடி ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

என் கேள்வி இதுதான். இத்தனை வகைக்கும் அடியில் ஏதாவது ஒழுங்கு உண்டா? எதில் தொடங்கி எதற்குப் போனால் புரியும்? அந்தப் புளிப்புச் சமாச்சாரம் பழகினால் பிடிக்குமா, இல்லை விட்டுவிடலாமா? அடுத்த மாசம் சென்னையிலிருந்து நண்பன் வருகிறான், வெஸ்ட்ஃப்ளெட்டரன் 12 என்கிற பீரை வாங்கித் தராவிட்டால் பேசமாட்டேன் என்கிறான். அதையும் சொல்லுங்கள்.

---

ஓக் பீப்பாய்:

வாங்க நண்பரே. நிறத்தையும் சதவீதத்தையும் பார்த்துப் பிரிக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் ஒரே பொன்னிறத்தில் டூவல் என்கிற ஸ்ட்ராங் பீரும் இருக்கும் கூஸும் இருக்கும், இரண்டுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. எந்த ஈஸ்ட் நொதிக்க வைத்தது, அதை யார் போட்டார்கள் என்று கேளுங்கள். மெனுவில் பாதி அப்போதே தெளிவாகிவிடும்.

நீங்கள் ஊரில் குடித்ததெல்லாம் லாகர். குளிரில் மெதுவாக வேலை செய்யும் ஈஸ்ட், தன் வாசனையை அதிகம் விட்டுவைக்காது. பெல்ஜியம் ஏல் ஈஸ்ட் அப்படியில்லை, சூட்டில் வேகமாக நொதிக்கும், நொதிக்கும்போதே வாழைப்பழ வாசனையையும் கிராம்பு மாதிரி ஒரு காரத்தையும் உண்டாக்கிவிடும். ட்ரிப்பலை முகர்ந்தால் வருகிற பழ வாசனை இதுதான், யாரும் பழம் எதுவும் போடுவதில்லை. சதவீதம் ஏன் தெரியவில்லை என்று கேட்டீர்களே, காரணம் சர்க்கரை. மால்ட்டோடு, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியோடு, சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள், அதை ஈஸ்ட் மிச்சமில்லாமல் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. அதனால் பீர் கொழகொழவென்று இல்லாமல் லேசாக இருக்கும். நாக்கு ஏமாந்துபோகும், கால் ஏமாறாது.

இந்த ஏல் ஈஸ்ட்டில் நொதித்ததெல்லாம் முதல் கூட்டம், பெரும்பாலான பெயர்கள் இதில்தான் வரும். பிளாண்ட், பழுப்பு நிறத்தில் உலர்திராட்சை வாடையோடு வரும் டப்பல், ட்ரிப்பல், கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்ட கோதுமை பீர் எல்லாம் இங்கேதான். கோதுமை பீர் கிட்டத்தட்ட செத்தே போயிருந்தது. ஹூகார்டன் ஊரில் அதைக் காய்ச்சிய கடைசிக் கூடமும் 1950களில் மூடப்பட்டது. பால்காரராக இருந்த பியர் செலிஸ் என்பவர் 1966இல் திரும்ப ஆரம்பித்தார், அவரால்தான் இன்று உலகம் முழுக்க அந்தப் பீர் கிடைக்கிறது.

பிரெஞ்சு பேசும் தெற்குப் பகுதியான வலோனியா பக்கம் பண்ணைகளில் பிறந்த சேஸோன் கூட இதே கூட்டம்தான், ஆனால் குணம் வேறு. தூர்ப் கிராமத்து சேஸோன் டுப்போன் 6.5 சதவீதம், 30 டிகிரிக்கு மேல் சூட்டில் நொதிக்க விடுகிறார்கள், முடிவில் இனிப்பே இல்லாமல் வறண்டு, மிளகு மாதிரி ஒரு சுருக்கோடு நிற்கும். ஒரே ஒரு பீரைத்தான் வாழ்நாள் முழுக்கக் குடிக்கலாம் என்றால் நான் இதைச் சொல்வேன்.

இரண்டாவது கூட்டம் மேற்கு ஃப்ளாண்டர்ஸின் சிவப்பு பீர். ஈஸ்ட்டோடு தயிரில் இருக்கிற மாதிரியான லாக்டிக் பாக்டீரியாவும் சேர்ந்து வேலை செய்யும், பெரிய ஓக் பீப்பாய்களில் வருஷக்கணக்கில் ஊறும். ரூசலாரெ ஊரின் ரோடன்பாக்தான் இதில் தலைமை. மூன்றாவது கூட்டம் லாம்பிக், அதாவது ஈஸ்ட்டை யாருமே போடாத பீர், காற்றில் இருப்பது தானாக வந்து விழும். நீங்கள் குடித்த கூஸ் அந்த வீட்டுப் பிள்ளை. முதல் கூட்டத்திலிருந்து நேராக அங்கே குதித்தால் பல் கூசத்தான் செய்யும், நடுவில் அந்த இரண்டாவது கூட்டம் இருக்கிறது.

லெஃப் பற்றியும் ஒரு வார்த்தை. லேபிளில் மடாலயம் இருக்கும், மடாலயம் தினான் ஊரில் இருப்பதும் உண்மை, ஆனால் பீர் வருவது உங்கள் லூவனில் இருக்கிற பெரிய ஆலையிலிருந்து. ட்ராப்பிஸ்ட் முத்திரை இருந்தால்தான் மடத்து எல்லைக்குள், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்சியது என்று பொருள். வெஸ்ட்மாலெ, ஷிமே, ஓர்வால், ரோஷ்ஃபோர், வெஸ்ட்ஃப்ளெட்டரன், பெல்ஜியத்தில் இப்போது இந்த ஐந்துதான். ஆறாவதாக இருந்த ஆகல் மடத்தில் துறவிகள் இல்லாமல் போனதும் 2021இல் முத்திரையும் போய்விட்டது.

---

வெட்டிப்பேச்சு:

பீப்பாய் அண்ணன் வழக்கம்போல வகுப்பு எடுத்துவிட்டார் :) எல்லாம் சரிதான், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பெல்ஜியம்காரர்கள் தினமும் குடிப்பது இதில் எதுவுமே இல்லை, ஜூபிலர் மாதிரி சாதாரண பில்ஸ்தான், அதாவது பொன்னிற லாகர். 25 சென்டிலிட்டர் கிளாஸில், நுரையோடு, அரட்டை அடித்துக்கொண்டே. ட்ரிப்பலை வரிசையாக அடிப்பது டூரிஸ்ட்டுகள்தான்.

கூட்டம், படி, வரிசை என்று போட்டுக்கொண்டு போனால் அதுவே ஒரு சிலபஸ் ஆகிவிடும் தம்பி. இங்கே காய்ச்சுகிறவர்களில் பாதிப் பேர் எந்த வகைக்குள்ளும் அடங்க மாட்டேன் என்று இருப்பவர்கள். பிரஸ்ஸல்ஸில் டி லா சென் என்கிற கூடம் காய்ச்சும் டாரஸ் புல்பாவைக் குடித்துப் பாருங்கள், 4.5 சதவீதம்தான், நல்ல கசப்பு, வாசனை அள்ளும். பெல்ஜியம் என்றால் 9 சதவீதம், மடாலயம், சாமியார் என்கிற பிம்பமே உடைந்துபோகும். மாலை முழுக்க உட்கார்ந்து பேச அந்த மாதிரி பீர்தான் லாயக்கு.

---

மலர்_கெண்ட்:

அண்ணா, புளிப்பை விட்டுவிடாதீர்கள். எனக்கு இந்த நாட்டில் பிடித்ததே அதுதான், அதனால் ஒருதலைப்பட்சமாகத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் ரோடன்பாக் க்ராண்ட் க்ரூ வாங்குங்கள். மூன்றில் இரண்டு பங்கு ஓக் பீப்பாயில் இரண்டு வருஷம் ஊறியது, மீதி இளசு, இரண்டையும் கலந்திருப்பார்கள். புளிப்பு இருக்கும், ஆனால் கூடவே பழுத்த செர்ரி மாதிரி ஓர் இனிப்பும் வந்து தாங்கிக்கொள்ளும். அதுவே தூக்கலாகத் தெரிந்தால் டுஷெஸ் டி பூர்கோன்யு, அது இன்னும் இனிப்பு, பீர் பிடிக்காது என்கிற என் தோழிகளே இரண்டாவது கிளாஸ் கேட்டிருக்கிறார்கள். இங்கே ஸ்டூஃப்ஃப்ளேஸ் என்று மாட்டுக்கறியைப் பழுப்பு பீரிலேயே வேகவைத்து, கடுகு தடவிய ரொட்டித் துண்டை உள்ளே போட்டுக் கரையவிட்டு, ஃப்ரைஸோடு தருவார்கள். அதோடு ரோடன்பாக் குடித்தால் புளிப்பு ஏன் இருக்கிறது என்பது தானாக விளங்கும், கொழுப்பை அறுத்துக்கொண்டு போகும். மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்குச் சீஸ் இருக்கிறது, எந்தப் பாரிலும் துண்டு துண்டாக வெட்டிக் கடுகு விழுதோடு வைப்பார்கள்.

அப்புறம் க்ரீக். புளிப்புச் செர்ரியைக் கொட்டையோடு லாம்பிக்கில் ஊறப்போடுவது. இதில் ஒரு சூதானம் வேண்டும். கடையில் கிடைக்கும் க்ரீக்கில் பாதி இனிப்பு சேர்த்தது, ஜூஸ் மாதிரி இருக்கும், குடிக்க நன்றாகத்தான் இருக்கும் ஆனால் லாம்பிக் எப்படி இருக்கும் என்று அது சொல்லித்தராது. லேபிளில் "அவுடெ க்ரீக்", "அவுடெ கூஸ்" என்று முன்னால் அந்த அவுடெ இருந்தால் அது சர்க்கரை சேர்க்காத பழைய முறை, ஐரோப்பியச் சட்டமே அந்தப் பெயருக்குக் காவல் இருக்கிறது. க்ரீக்கை நிதானமாகக் குடித்தால் கடைசியில் பாதாம் மாதிரி ஒரு வாசனை வரும், அது அந்தக் கொட்டையிலிருந்து இறங்குவது.

இதற்கெல்லாம் பிறகு பிரஸ்ஸல்ஸ் தெற்கு ஸ்டேஷனில் இறங்கி நடந்தே ஆண்டர்லெக்டில் இருக்கிற கான்டியோனுக்குப் போங்கள். 1900இல் தொடங்கிய குடும்பக் காய்ச்சல்கூடம், அதையே அருங்காட்சியகமாகவும் வைத்திருக்கிறார்கள். மாடியில், கூரைக்குக் கீழே, செம்பில் ஓர் அகலமான ஆழமில்லாத தொட்டி இருக்கும். கொதித்த மால்ட் சாற்றை ராத்திரி முழுக்க அதில் திறந்தபடி ஆறவிடுவார்கள், கூரை இடுக்கு வழியாக வரும் காற்றிலும் அந்த மரத்திலும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான் வந்து இறங்கும். நம் ஊர்க் கள் மாதிரியேதான், பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றே நொதிக்க வைத்துவிடுமே, என்ன, கள் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், இது பீப்பாயில் மூன்று வருஷம் வரை கிடக்கும். வெயில்காலத்தில் இந்த வேலை நடக்காது, வேண்டாத கிருமிகள் ஏறிவிடும் என்பதால் குளிர் மாதங்களில் மட்டுமே காய்ச்சுவார்கள். பீப்பாய் அறையில் சிலந்திவலை மொத்தமாகத் தொங்கும், யாரும் ஒட்டடை அடிக்கமாட்டார்கள். பழத்துக்கு வருகிற பூச்சிகளை அந்தச் சிலந்திகள்தான் பிடிக்கின்றன.

ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆன லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் திரும்ப நொதித்து நுரையைத் தரும், கிழட்டு லாம்பிக் ஆழத்தைத் தரும். அந்தத் தொழுவ வாடை ப்ரெட்டனோமைசீஸ் என்கிற ஈஸ்ட்டின் கைங்கரியம், அது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. அங்கேயே நின்று, அந்த வாசனைக்குள்ளேயே ஒரு சின்ன கிளாஸ் குடித்தால் நாக்கு வேறு மாதிரி கேட்கும். வீட்டில் குடிப்பதென்றால் ரொட்டியில் வெள்ளைச் சீஸ் தடவி, மேலே முள்ளங்கி வில்லைகளும் வெங்காயத்தாளும் போட்டுச் சாப்பிடுங்கள், பிரஸ்ஸல்ஸ்காரர்கள் லாம்பிக்கோடு காலங்காலமாகத் தொட்டுக்கொள்வது அதுதான்.

---

திண்டுக்கல்காரன்:

அடேயப்பா. நன்றி மலர், பீப்பாய் அண்ணா, வெட்டிப்பேச்சு. அந்தக் கள் உதாரணத்தில்தான் எனக்கு விளக்கு எரிந்தது. சனிக்கிழமை கான்டியோன் என்று முடிவே செய்துவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒவ்வொரு பீருக்கும் ஒவ்வொரு கிளாஸ் என்று ஏன் இவ்வளவு பந்தா? குவாக் கேட்டால் அடி உருண்டையான கிளாஸை மரச்சட்டத்தில் மாட்டிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அப்புறம் இங்கே யாரும் பீரை நம் ஊர் மாதிரி ஜில்லென்று தருவதில்லையே, கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். வெஸ்ட்ஃப்ளெட்டரன் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, நண்பன் போனில் உயிரை எடுக்கிறான்.

---

பழைய பாட்டில்:

கூலிங் விஷயம் சுலபம். ரொம்பக் குளிர்ந்தால் வாசனை மேலே எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். பில்ஸுக்கும் கோதுமை பீருக்கும் ஃப்ரிட்ஜ் குளிர் சரி. டப்பல், ரோஷ்ஃபோர் மாதிரி கருத்த கனமான பீருக்கு 12 டிகிரி பக்கம் வேண்டும். வெளியே எடுத்துவைத்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும். கிளாஸில் முக்கால்வாசி விளம்பரம்தான், ஆனால் முழுக்க இல்லை. வாய் அகன்ற கோப்பையில் வாசனை நன்றாகத் தெரியும், டூவல் கிளாஸின் அடியில் பொறித்திருக்கும் எழுத்திலிருந்து குமிழி விடாமல் கிளம்பி நுரையை நிற்கவைக்கும். அந்த நுரைக்காகத்தான் அவ்வளவு பெரிய கிளாஸ். ஊற்றும்போது பாட்டிலைச் சாய்த்து நிதானமாக, அடியில் ஒரு விரற்கடை மிச்சம் விட்டு நிறுத்துங்கள், அது ஈஸ்ட் வண்டல். அதைத் தனியாகக் குடிப்பவர்களும் உண்டு, எனக்கு ஒத்துவராது.

சரி, வெஸ்ட்ஃப்ளெட்டரன். துறவிகள் அங்கே பிழைப்புக்கு வேண்டிய அளவுதான் காய்ச்சுகிறார்கள், உலகமே கேட்கிறது என்பதற்காக ஆலையைப் பெரிதாக்குவதில்லை. முன்பதிவு செய்து மடத்து வாசலில் போய் எடுத்துக்கொள்ளலாம், முன்பெல்லாம் போனில், இப்போது இணையத்தில். பெட்டி பெட்டியாக வேண்டாம், குடித்துப் பார்த்தால் போதும் என்றால் மடத்துக்கு எதிரிலேயே இன் டி ஃப்ரீடா என்கிற கஃபே இருக்கிறது. பொப்பரிங்க வரை ரயில், அங்கிருந்து ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) தோட்டங்கள் வழியாகச் சைக்கிள் தூரம்தான். ரொம்பக் காலம் லேபிளே இல்லாமல் வந்த பீர், மூடி நிறம்தான் அடையாளம், மஞ்சள் மூடி என்றால் 12, அது 10.2 சதவீதம். பிரஸ்ஸல்ஸ் சுற்றுலாக் கடைகளில் ஒரு பாட்டிலுக்குச் சொல்லும் விலை கையைச் சுடும், துறவிகளோ மறுவிற்பனை வேண்டாம் என்கிறார்கள், அங்கே வாங்காதீர்கள்.

உங்கள் நண்பனுக்கு ஒரு ரகசியம் சொல்லுங்கள். பக்கத்திலேயே வாட்டோ ஊரில் செயின்ட் பெர்னார்டஸ் என்று ஒரு கூடம். 1946 முதல் 1992 வரை வெஸ்ட்ஃப்ளெட்டரன் பீரை உரிமம் வாங்கிக் காய்ச்சியவர்களே இவர்கள்தான். ஒப்பந்தம் முடிந்த பிறகு தங்கள் பெயரில் விற்கிறார்கள். அவர்களுடைய ஆப்ட் 12 நல்ல பீர்க்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும், 10 சதவீதம். இரண்டையும் லேபிளை மறைத்துப் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள், ஆள் என்ன சொல்கிறான் பார்ப்போம். எனக்கு அதைவிட ரோஷ்ஃபோர் 10தான் பெரியது, 11.3 சதவீதம், சாப்பாட்டுக்குப் பிறகு இருவர் பகிர்ந்து குடிக்க ஒரு பாட்டில் போதும். அதற்கப்புறம் வண்டி ஓட்டுகிற பேச்சே கூடாது, இங்கே ரத்தத்தில் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம்தான்.

---

வெட்டிப்பேச்சு:

கிளாஸ் பந்தா என்றால் கெண்டில் டுல்ல க்ரீட் போங்கள். ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும் நீளக் கிளாஸ், அதைக் கேட்டால் உங்கள் ஒரு செருப்பைக் கழற்றி வாங்கிக் கூடையில் போட்டு உத்தரத்துக்கு ஏற்றிவிடுவார்கள், கிளாஸைத் திருப்பிக் கொடுத்தால்தான் செருப்பு. நல்ல சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.

---

ஓக் பீப்பாய்:

வெட்டிப்பேச்சு சிலபஸ் என்று கிண்டல் செய்ததை ஏற்றுக்கொள்ள மாட்டேன். வரிசை தேவையில்லாத ஆள் இருக்கலாம், ஆனால் கூஸ் குடித்து அரைக் கிளாஸோடு நின்றவருக்கு அடுத்த படி எது என்று சொல்லத்தான் வேண்டும். மலர் காட்டிய ரோடன்பாக் வழி ஒன்று. இன்னொரு வழி ஓர்வால்.

ஓர்வாலைத் தனியாக வைத்துப் பேசவேண்டும். முதல் கூட்டத்து ஈஸ்ட்டில் நொதித்து, ஹாப்ஸைப் பச்சையாக ஊறவைத்து, பாட்டிலில் அடைக்கும்போது அந்தக் கூஸில் தொழுவ வாடை தந்த ப்ரெட்டனோமைசீஸையும் சேர்த்துவிடுகிறார்கள். அதனால் வாங்கின அன்றைக்குக் குடித்தால் ஹாப்ஸ் கசப்பும் ஆரஞ்சு வாசனையும் முன்னால் நிற்கும். ஒரு வருஷம் இருட்டில் வைத்துக் குடித்தால் ஹாப்ஸ் அடங்கி, பீரின் கனம் வற்றி, தோலும் வைக்கோலும் மாதிரி ஒரு வாசனை எழும்பியிருக்கும். ஒரே பீர் மாதிரியே இருக்காது. சில கஃபேக்களில் இளசா பழசா என்று கேட்டே கொடுப்பார்கள். பாட்டிலில் அடைத்த தேதி லேபிளில் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

திண்டுக்கல்காரரே, ஒரு வருஷம் இருக்கப்போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன், இந்த வாரமே ஆறு ஓர்வால் வாங்கி ஒன்றை உடனே குடியுங்கள். மீதியை நிமிர்த்தி வைத்து இரண்டு மாசத்துக்கு ஒன்று திறங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதிவையுங்கள். புளிப்பு வகைகளில் பாதி வாசனை இதிலேயே பழகிவிடும்.

---

மலர்_கெண்ட்:

அந்தக் காலிப் பாட்டில்களைக் குப்பையில் போடவேண்டாம், சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கிற மெஷினில் போட்டால் டெபாசிட் திரும்ப வரும். கான்டியோன் போகுமுன் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள். காலையிலேயே போனால் கூட்டம் இருக்காது, வெறும் வயிற்றோடு மட்டும் போகாதீர்கள்.